உதவியவர்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது. பாவூர்சத்திரத்துக்குச் சாரலின் ஓரம்தான் எட்டும். காற்று மட்டும் முழுசாக வரும். சந்தையில் காய்கறி மூட்டைகளுக்கு மேல் கட்டிய தார்ப்பாய் ராத்திரியெல்லாம் படபடக்கிறது. கேரளத்துக்கு லோடு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடை வாசலில் ஒண்டி நிற்கிறார்கள். இப்படியொரு காற்று நாளில்தான் என் பெரியம்மை பாடினாள்.

1990-களின் நடுவில் நடந்தது. ஒரு கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். கையில் டேப் ரெக்கார்டர். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு, கடைசியில் பெரியம்மை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையையும் தூளையும் விட்டுக் கை எடுக்காமலே தாலாட்டு முழுவதையும் படித்தாள். எங்கள் பக்கத்தில் பாட்டுப் பாடுவது என்று சொல்வதில்லை, பாட்டுப் படிப்பது என்றுதான் சொல்வோம். நடவுப் பாட்டும் அப்படியே வந்தது. ஒப்பாரி கேட்டதும் கை நின்றுவிட்டது.

"செத்த வீட்டுப் பாட்டை வீட்டுக்குள்ள வச்சுப் படிக்கக் கூடாது, தாயி."

அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மையே எழுந்தாள். குளத்தங்கரைப் புளியமரத்தடிக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே காற்றுக்கு எதிராக உட்கார்ந்து, முன்பே செத்துப்போன தன் தம்பிக்காக ஒரு மணி நேரம் படித்தாள். திரும்பி வந்து எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். புத்தகமாக வந்ததும் கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறினார்கள்.

யாரும் வரவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பரீட்சை வந்திருக்கும், வாய்மொழித் தேர்வு முடிந்திருக்கும், வேலை தேடி ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். பெரியம்மைக்கும் அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கேட்பாள். "ஏய்யா, அந்தப் பெட்டியில புடிச்சிட்டுப் போனாவள்லா, அந்தச் சத்தம் இப்ப எங்க இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியாது. பத்திரிகை நடத்த வந்த பிறகு அந்தக் கேள்வியை வேறு விதமாக நானே கேட்கத் தொடங்கினேன். மொழி, இலக்கியம், வரலாறு, நாட்டார் வழக்கு என்று பல்கலைக்கழகங்கள் படிக்கிற படிப்புக்கெல்லாம் மூலச்சரக்கு நம் திண்ணைகளிலும் குளத்தங்கரைகளிலும் கோயில் சுவர்களிலும்தான் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவதற்கு வழி இருக்கிறது. திரும்பிக் கொண்டுவருவதற்கு வழி எங்கே?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இப்போது இதற்கென்றே தனிப் படிப்புகள் வைத்திருக்கிறார்கள். பப்ளிக் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். கலைத்துறைப் படிப்பை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய், ஊர்மக்களோடு சேர்ந்து செய்வது. பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். காரியம் நம் திருநெல்வேலிச் சீமைக்குப் பழையது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற பெரிய புத்தகம் 1964-இல் வந்தது. உங்கள் ஊர் நூலகத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டுகளை விட்டுவிட்டு, முதலில் பாட்டுகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'வட்டார வழக்கு' என்று போட்டு, வெளியூர்க்காரருக்குப் புரியாத சொற்களுக்கு அர்த்தம் எழுதியிருப்பார். அதற்குக் கீழே 'உதவியவர்' என்று பாடிக் கொடுத்தவரின் பெயர். பிறகு 'சேகரித்தவர்', 'இடம்'. எல்லாப் பாட்டுக்கும் எல்லா விவரமும் கிடைத்துவிடவில்லை. கிடைத்ததையெல்லாம் விடாமல் போட்டிருக்கிறார். சேகரித்தவர் என்ற இடத்தில் எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இடம் என்ற வரியில் சிவகிரி என்று வரும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அன்றைக்கு அது நெல்லை மாவட்டம், இன்றைக்கு நம் தென்காசி மாவட்டம்.

'உதவியவர்' என்ற அந்தச் சொல்லை நான் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். தகவலாளி என்று போட்டிருக்கலாம். ஆராய்ச்சிப் புத்தகங்களில் அதுதான் வழக்கம். நா.வா. அப்படிப் போடவில்லை. ஒரு வேலையில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் உதவினார் என்று எழுதினார். பெரியம்மையைப் போன்ற பெண்கள் சரக்குக் கிடங்காக இல்லாமல் வேலையின் கூட்டாளியாக அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள்.

நாங்குநேரியில் 1917-இல் பிறந்தவர் நா.வா. பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். 1960-களின் பிற்பகுதியில் நெல்லை ஆய்வுக் குழு என்று ஒன்றைக் கூட்டினார். கூடிக் கட்டுரை படிப்பார்கள், அதன்மேல் விவாதம் நடக்கும். கல்லூரி ஆசிரியர்களும் வருவார்கள், கல்லூரிப் படியே மிதிக்காதவர்களும் வருவார்கள். 1969-இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார். 1980-இல் அவர் மறைந்தபோது அவரிடம் பழகியவர்கள் பலர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாட்டார் வழக்காற்றைப் பாடமாக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களில் ஒருவர். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையும் ஆய்வு மையமும் எழுந்ததற்குப் பின்னாலும் இந்த மண்ணில் ஏற்கெனவே உழுதுவைத்த ஈரம் இருந்தது. ஊர்க்காரர்கள் கூடிச் செய்த ஒன்று பல்கலைக்கழகத்துக்குள் போன கதை இது. பல்கலைக்கழகம் ஊருக்குள் வருவதை மட்டுமே பேசும்போது இந்த எதிர்த்திசைப் பயணத்தை மறந்துவிடுகிறோம்.

அப்படிப் போனதால் என்ன கிடைத்தது என்பதற்கு முத்துப்பட்டன் கதையைச் சொல்ல வேண்டும். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமண வாலிபன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேர் மேலும் ஆசைப்படுகிறான். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் படி என்று வாலப்பகடை கேட்கிறார். எல்லாம் செய்து கல்யாணம் முடித்தவன், மாமனாரின் மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துப்போகிறான். வில்லுப்பாட்டில் இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கதைக்குப் பல பாடங்கள் உண்டு. சிலவற்றில் பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். சாதி தாண்டிய கல்யாணத்தைப் பொறுக்காதவர்கள் பின்னால் சேர்த்த ஒட்டு அது என்று நா.வா. பாடங்களை ஒப்பிட்டு எடுத்துக் காட்டினார். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மு, கான்சாகிபு கதைப்பாடல்களையும் 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கோயில் கொடை வீட்டில் விடிய விடியக் கேட்ட பாட்டு, பல்கலைக்கழக முத்திரையோடு புத்தகமானது. ஆனால் அந்தப் புத்தகம் கொடை வீட்டுக்குத் திரும்பி வந்ததா? எந்தப் பாடம் பழையது, எது ஒட்டு என்று வில்லுப்பாட்டு அண்ணாவிகளும் ஊர்ப் பெரியவர்களும் மாணவர்களும் ஒரு பந்தலில் உட்கார்ந்து பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கும் அது நடக்கலாம். குடமும் உடுக்கும் வீசுகோலும் இன்னும் ஊரில் இருக்கின்றன. அண்ணாவிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

பாவூர்சத்திரத்திலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் ஆலங்குளம், சீதபற்பநல்லூர் தாண்டி, அபிஷேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வரும். 1990-இல் தொடங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் இருக்கிற பெயர். அந்தப் பெயருக்குரியவரைப் பற்றித் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அப்பால் நாம் அதிகம் பேசுவதில்லை. பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அரசர்களின் காலத்தைக் கணித்தவர். அத்தனை படித்தவருக்குக் குரு யார் தெரியுமா? திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் கோடகநல்லூரில் வாழ்ந்த சுந்தர சுவாமிகள். 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் அவர் நினைவாகப் படைக்கப்பட்டவர். ஒரு பேராசிரியர் ஒரு கிராமத்துக்கு வந்து, கீழே உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்தில் இருப்பதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

அங்கே தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் தொ. பரமசிவன். தொ.ப. என்றால்தான் பலருக்குத் தெரியும். அழகர் கோயிலைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வைக் கோயிலுக்குள் மட்டும் நின்று எழுதவில்லை. அழகரைத் தங்கள் சாமி என்று கொண்டாடும் சுற்றுப்புறச் சாதியார் ஒவ்வொருவருக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினார். பிறகு உப்பு, எண்ணெய், தேங்காய், தாலி என்று அடுக்களையிலும் முற்றத்திலும் கிடக்கிற பொருள்களை எடுத்துக்கொண்டு சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதினார். 'அறியப்படாத தமிழகம்' படித்த பிறகு என் அம்மா உப்பை மிதிக்கக் கூடாது என்று சொன்னதன் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது. கல்லூரிக்குப் போகாத வாசகர்கள் தொ.ப.வை விரும்பிப் படிக்கிறார்கள். தங்களிடமிருந்து எடுத்ததை அவர் தங்களுக்குப் புரியும் மொழியில் திருப்பிக் கொடுத்தார் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது நம் வாசகர்களின் துக்கத்தில் அதைப் பார்த்தேன்.

எழுத்தாளர் கி. ராஜநாராயணனை விட்டுவிட்டு இந்தப் பேச்சு நகராது. இடைசெவலில் பிறந்தவர், பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தார். ஒரு துறையும் ஒரு கட்டடமும் சம்பளம் வாங்கும் பத்துப் பேரும் செய்ய வேண்டிய வேலை. நண்பர்களும் உறவுக்காரர்களும் சொல் சேர்த்துக் கொடுக்க, அவர் கூட்டிக் கட்டினார். 1980-களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. அவர் மாணவர்களை நாட்டுப்புறக் கதை சேகரிக்க அனுப்பினார். பட்டம் இல்லாதவரைப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்த அந்தத் துணிச்சலைப் பிறகு நம் பல்கலைக்கழகங்களில் நான் அதிகம் பார்க்கவில்லை. ஒரு வில்லுப்பாட்டுப் புலவரையோ, குளத்து மடை திறக்கிற நீர்பாய்ச்சியையோ, கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிறவரையோ ஒரு பருவத்துக்கு வகுப்பெடுக்க அழைக்க எந்தத் துறைத் தலைவராவது முன்வந்தால் அவருக்கு நம் இதழில் தனிப்பக்கம் ஒதுக்கக் காத்திருக்கிறேன்.

பல்கலைக்கழகமே இல்லாமல் இதைச் செய்தவரும் நம் பக்கத்திலேயே இருந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வழக்கறிஞருக்குப் படித்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு முற்றம் இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்தார்கள். வட்டத்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு அந்தக் கூட்டம் அவரோடு குற்றாலத்துக்கு வந்தது. ராஜாஜியும் கல்கியும் சாரலுக்கு வந்து, அவர் வாயால் கவிதை கேட்டார்கள். டி.கே.சி. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் இறங்க வேண்டும் என்று காட்டுவாராம். கம்பனில் தனக்கு ஒப்பாத பாட்டை இடைச்செருகல் என்று தள்ளிவிடுவார். அது சரியா என்று புலவர்கள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் எனக்குப் புலவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் கவிதையைப் பரீட்சைக்கு வெளியே கொண்டுவந்து, விருந்துச் சாப்பாடு மாதிரி பரிமாறினாரே, அந்தக் கைப்பக்குவம் நம் வகுப்பறைகளுக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

இங்கிலாந்திலும் ஒரு கதை உண்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் 1867-இலிருந்து வடக்கத்தி ஊர்களில் பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் சொற்பொழிவு நடத்திவந்தார். ராச்டேல் ஊரின் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளிகளுக்கும் பேசினார். ஒரு நாள் பேசி முடித்ததும் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், சுவரில் மாட்டிய படங்களை அடுத்த வாரம் வரைக்கும் அப்படியே விட்டுவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் தொழிலாளிகள் அந்தப் படங்களைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அடுத்த முறை சொற்பொழிவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே அவர்கள் வந்துவிட்டார்கள். கேள்விகளோடு காத்திருந்தார்கள். சொற்பொழிவை ஒட்டிக் கேள்வி நேரம் வைக்கிற பழக்கம் அவருக்கு அப்படி வந்தது. 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இந்த ஏற்பாட்டைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. சுவரில் விட்டுப்போன படத்தைப் பார்த்துப் பேசிக் கேள்வியோடு வந்த அந்தத் தொழிலாளிகளை நினைத்தால் எனக்கு நம் பீடிக்கடை வாசலில் கணக்குக் கொடுக்கக் காத்திருக்கும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒன்றைக் காட்டிவிட்டு, பேச நேரமும் கொடுத்துப் பாருங்கள். என்னென்ன கேட்பார்கள்!

நம்மிடம் வழி இல்லாமலும் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் ஏழு நாள் முகாம் என்று நம் ஊர்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கோயில் வளாகத்தைக் கூட்டுகிறார்கள், கண் பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். அவர்கள் வந்து தங்கும் அந்த வாரம் ஊரே கலகலப்பாக இருக்கும். நல்ல காரியங்கள், ஒன்றையும் குறை சொல்ல மாட்டேன். அந்த ஏழு சாயங்காலங்களில் இரண்டை மட்டும் கேட்பதற்கு ஒதுக்கலாமே என்பதுதான் என் ஆசை. இந்தக் குளத்துக்கு இந்தப் பேர் ஏன் வந்தது? சத்திரம் என்று ஊர்ப் பேரிலேயே இருக்கிறதே, இந்தப் பாதையில் யார் யார் நடந்து போனார்கள்? மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன குடும்பங்கள் எவை? மின்சாரக் காற்றாலை நிற்கிற காட்டில் முன்னால் என்ன விளைந்தது? கேட்டு எழுதிக்கொண்டு போய், அடுத்த வருஷ முகாமில் முதல் நாள் சாயங்காலம் ஊர் முன்னால் அதை வாசித்துக் காட்டட்டும். தப்பு இருந்தால் ஊர் திருத்தும். திருத்துவதற்கு என்றே நான்கு பெரியவர்கள் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

தென்காசிக் கோயிலைப் பற்றியும் இந்த ஆசை எனக்கு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். தான் எடுத்த பணியைப் பிற்காலத்தில் காத்துச் செப்பனிடுகிறவர் யாராக இருந்தாலும் அவர் அடியில் விழுந்து வணங்குகிறேன் என்று அந்த அரசன் கல்வெட்டில் தமிழ்ப் பாட்டாகவே வெட்டிவைத்திருக்கிறான். இன்னும் பிறக்காத மனிதர்களைக் கும்பிட்டு எழுதிய அரசர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நாம் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டு அந்தக் கல்லைத் தாண்டிப் போகிறோம். வரலாற்றுத் துறை மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நின்று, வருகிறவர்களுக்கு அந்த எழுத்தைக் கைவைத்துப் படித்துக் காட்டினால், மேலகரத்துப் பூக்காரியும் செங்கோட்டையிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளையும் தங்களைக் கும்பிட்ட அரசனைத் தெரிந்துகொள்வார்கள்.

இனிப் பெரியம்மைக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை எழுதவைத்ததே அவள் விஷயம்தான்.

போன மாதம் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியர். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இரண்டு கேசட். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர். வீடு மாற்றும்போது டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். உறைமேல் எங்கள் ஊர்ப் பேரைப் பார்த்ததும் உறக்கம் வரவில்லை என்றார். யாரிடமோ கொடுத்து அதை மொபைல் போனில் ஏற்றிக்கொண்டு, கூடவே தன் பழைய ஆய்வேட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அம்மாவ பாக்கணும் சார்" என்றார். பெரியம்மை போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவங்க வீட்டுல வேற யாரு இருக்கா?" என்று கேட்டார்.

பெரியம்மை மகள், என் அக்கா, அதே வீட்டில் அதே திண்ணையில்தான் பீடி சுற்றுகிறாள். போனைத் திண்ணையில் வைத்தோம். முதலில் கோழி கூவுகிற சத்தம் வந்தது. பிறகு யாரோ பையன் இருமினான். அதற்குப் பிறகு பெரியம்மை. அக்கா சொளவைக் கீழே இறக்கி வைத்தாள். தாலாட்டு முடிகிற வரைக்கும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. நடவுப் பாட்டு வந்தபோது அவளும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தாள். ஒப்பாரி தொடங்கியதும், "இதை இங்க வச்சுப் போடாதிய, அண்ணாச்சி" என்று கையைக் காட்டினாள். அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். அம்மா சொன்ன அதே விதி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து அவருக்கு இரண்டாம் முறை சொல்லப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஆய்வேட்டைப் பிரித்து, அச்சான பாட்டை வாசித்துக் காட்டினார். குளம் பெருகி மறுகால் போகிற இடம் ஒன்று அதில் வரும். அடிக்குறிப்பில் அந்தச் சொல்லுக்கு 'மற்றொரு கால்' என்று அர்த்தம் எழுதியிருந்தார். அக்கா சிரித்துவிட்டாள். "குளம் ரொம்புனா மிச்சத் தண்ணி போவும்லா, அந்த வழி. நீங்க எந்த ஊரு?" அவர் கடலோர ஊர்க்காரர், குளத்துப் பாசனம் தெரியாது. கால் என்றதும் மனுஷக் கால் என்று எடுத்துக்கொண்டு, நாயகி ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி நடவு நடுவதாக அரைப் பக்கம் விளக்கமே எழுதியிருக்கிறார். அது அப்படியே தேர்வாளர்களைத் தாண்டி, பட்டம் வாங்கி, நூலக அலமாரியில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. அன்றைக்கே ஒரு தடவை வந்து வாசித்துக் காட்டியிருந்தால் பெரியம்மை ஒரு நிமிஷத்தில் திருத்தியிருப்பாள்.

அவர் பேனாவை எடுத்து நகலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். சொன்னவர் யார் என்று அக்காவின் பெயரைக் கேட்டு அதையும் எழுதினார். அக்காவுக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனாள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை இதற்காக ஒதுக்குகிறோம். பக்கத்துக்கு 'உதவியவர்' என்றே பெயர். உங்கள் வீட்டில் யாராவது பாட்டு, கதை, விடுகதை, ஊர்ப்பேர் வரலாறு, பழைய தொழில்களின் சொற்கள் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சந்தைக்கு வருகிற நாளில் சாயங்காலம் அலுவலகத்துக்கு வாருங்கள். சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொள்கிறோம். கல்லூரிப் படிப்புக்காக எப்போதோ நம் ஊர்களில் பாட்டும் பேச்சும் பதிவு செய்துகொண்டு போனவர்கள் இதைப் படித்தால், உங்கள் பெட்டியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கேசட் பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைத்து எடுக்கத் தெரிந்த கைகள் தென்காசியில் இருக்கின்றன. நீங்கள் பதிவு செய்த ஊருக்கு எங்கள் ஆள் உங்களோடு வருவார். எங்கள் பங்குக்கு ஒரு உறுதி: பக்கத்தில் வருகிற எதையும் அச்சுக்குப் போகும் முன்னால் சொன்னவரிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுவோம்.

முதல் பக்கத்தில் பெரியம்மையின் நடவுப் பாட்டு வருகிறது. சேகரித்தவர் என்ற இடத்தில் அந்த ஆசிரியர் தன்னோடு அன்று வந்த மற்ற இருவர் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார். அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். உதவியவர் என்ற இடத்தில் ரேஷன் கார்டில் இருக்கிற பெயரை எழுதி அக்காவிடம் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். "அந்தப் பேரு சொன்னா ஊர்ல யாருக்குய்யா தெரியும்? எல்லாரும் அம்மைய எப்படிக் கூப்புடுவாவ, அதைப் போடு" என்றாள். அப்படியே போட்டிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்